ஒப்புதலும் வயதும்: மதுவிலக்கு வழக்குகளில் ஒரு பதிலின் வரலாறு

சேலம் மாவட்டத்தில் 1937 அக்டோபர் 1 அன்று தொடங்கிய மதுவிலக்கு, 1948 அக்டோபர் 2 அன்று சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தபோது, அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அதற்குள் அடங்கின. அடுத்த ஆண்டே ராஜபாளையத்துக்காரரான பூ. ச. குமாரசாமி ராஜா மாகாண முதலமைச்சர் பொறுப்பை ஏற்றதால், அச்சட்டத்தை நிறைவேற்றும் கடமை அவ்வூர்க்காரர் ஒருவரின் கைக்கே வந்தது. அதற்கு முன்பிருந்த ஆப்காரி முறையில், அதாவது கள்ளையும் சாராயத்தையும் உரிமம், வரி ஆகியவற்றின் வழியே அரசு ஆண்ட முறையில், சட்டத்தின் கண் பெரும்பாலும் காய்ச்சுபவர் மீதும் விற்பவர் மீதுமே இருந்தது. குடித்தவரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது மதுவிலக்குச் சட்டந்தான்.

இவ்வகைச் சிறு வழக்கு 'சம்மன் வழக்கு' எனப்படும். விரிவான குற்றச்சாட்டு வனையாமல், குற்றத்தின் சாரத்தை மட்டும் சொல்லிப் பதில் கேட்கும் முறை அது. ஒப்புக்கொள்பவரின் பதிலை இயன்றவரை அவர் சொன்ன சொற்களிலேயே பதிய வேண்டும் என்று 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் விதித்தது. 1973-ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்விதியை விடவில்லை. காரணம் எளிது: 'குடித்தேன்' என்பது நடந்ததைச் சொல்வது, 'குற்றம் செய்தேன்' என்பது சட்டத்தின் முடிவை ஏற்பது. மது கலந்த மருந்துகளைத் தடைசெய்த பகுதி செல்லாது என 1951-இல் பல்சாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், அருந்தியது மருந்தன்று என மெய்ப்பிக்கும் சுமை அரசுத் தரப்பையே சாரும் எனப் பிந்தைய பெசிகாகா வழக்கில் கூறியதும் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் குறித்தவையே எனினும், அவ்விரு கூற்றுகளுக்கும் இடையிலுள்ள தொலைவை அவை தெளிவாகக் காட்டின. வாய் நாற்றம், தள்ளாட்டம், விரிந்த கண்மணி ஆகியவை மட்டும், இரத்தப் பரிசோதனையோ சிறுநீர்ப் பரிசோதனையோ இன்றி, குடியை உறுதிசெய்யப் போதா என்று 1971-இல் அதே நீதிமன்றம் சொன்னது. ஆயினும் குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு இவை எவையும் பயன்படா. தண்டனையின் அளவையோ சட்டப்படி அது செல்லுமா என்பதையோ தவிர வேறெதையும் அவர் மேல்முறையீட்டில் எழுப்ப முடியாது.

வாய்தாவுக்கு வாய்தா அலைந்து கூலியை இழப்பதைவிட அபராதம் கட்டிவிட்டுப் போவதே மேல் என்ற கணக்கு, பஞ்சாலை ஊரான ராஜபாளையத்தில் வேலை செய்யும் ஓர் இளைஞருக்கு இயல்பாகவே தோன்றக்கூடும். அதைப் பேதைமை என்று தள்ளிவிட இயலாது. ஆனால் அக்கணக்கில் வயது சேர்வதில்லை. 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி, 21 வயது நிரம்பாதவரைச் சிறைக்கு அனுப்ப நீதிமன்றம் தனிக் காரணம் எழுத வேண்டும். எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விடுவிக்கப்பட்டால், தண்டனைத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பும் அவரைச் சேராது. வெறும் அபராதத்தோடு முடித்துக்கொண்டவருக்கு அச்சட்டம் இப்பாதுகாப்பைத் தருவதில்லை என்பதால், மலிவாகத் தெரிந்த வழியே அரசு வேலை நாடுவோருக்கு விலை கூடியதாகிவிடலாம். மது விற்பனை நடக்கும் இன்றைய தமிழ்நாட்டில், 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கவும் கூடாது. எனினும் அவ்விதி முதலில் கட்டுப்படுத்துவது விற்பவரை.

18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் நிலை வேறு. 1920-ஆம் ஆண்டுச் சென்னைச் சிறார் சட்டம் தொடங்கிவைத்த தனி விசாரணை மரபு, இன்று 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இளைஞர் நீதிக் குழுமமாக நிற்கிறது. இவ்விரு ஊர்களும் இன்று அடங்கியுள்ள விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தாலும், சிறார் வழக்கை விசாரிக்கும் உரிமை அக்குழுமத்துக்கே உண்டு. வயதை முதலில் பள்ளிச் சான்றோ பிறப்புச் சான்றோ காட்டும். அவை இல்லாதபோதே மருத்துவச் சோதனை, அதிலும் இரண்டாண்டு முன்பின் பிழை நேரலாம் என்பதை 1982-இல் ஜெயமாலா வழக்கு ஏற்றது. குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு மேல்முறையீட்டுக் கதவு ஏறக்குறைய மூடிவிடுகிறது. 'அன்று எனக்கு 18 ஆகவில்லை' என்னும் கோரிக்கையை மட்டும், தீர்ப்பு முடிந்த பின்னும், எந்த நீதிமன்றத்திலும் எழுப்பலாம்.