எச்.ஐ.வி நுழைய முடியாத மனிதர்

நியூயார்க் ஓவியர் ஸ்டீபன் குரோனின் காதலர் 1982-ல் இறந்தபோது, எய்ட்ஸ் என்ற பெயரையே பலரும் கேள்விப்பட்டதில்லை. அதன்பின் குரோனின் நண்பர்கள் ஒவ்வொருவராகப் பலியானார்கள். அவருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை! அதிர்ஷ்டம் என்று அவர் சும்மா இருந்துவிடவில்லை. தன் உடம்பை ஆராய்ந்து பாருங்கள் என்று தாமே முன்வந்தார்.

நியூயார்க்கின் ஆரன் டயமண்ட் எய்ட்ஸ் ஆய்வு மையத்தில் பில் பாக்ஸ்டன் என்ற விஞ்ஞானி, குரோனின் ரத்தத்திலிருந்து சிடி4 வெள்ளணுக்களைப் பிரித்து அவற்றில் எச்.ஐ.வியைச் சேர்த்தார். அளவைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தும் தொற்றவில்லை.

காரணம் 1996-ல் தெரிந்தது. எச்.ஐ.வி செல்லுக்குள் நுழைய சிடி4 புரதத்தைப் பிடித்தால் மட்டும் போதாது. பக்கத்தில் இன்னொரு பிடிமானமும் வேண்டும். பெரும்பாலும் அது சிசிஆர்5 என்ற புரதம். அதை உண்டாக்கும் மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்டுப் போனால் (இதற்கு டெல்டா 32 என்று பெயர்) அந்தப் புரதம் செல்லின் மேற்பரப்புக்கு வருவதே இல்லை. குரோனுக்குத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்தக் குறைபட்ட பிரதிதான் வந்திருந்தது. ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் 1 சதவீதம் பேர் இப்படி. ஒரு பிரதி மட்டும் இருந்தால் தொற்றும், ஆனால் நோய் முற்றத் தாமதமாகும். எய்ட்ஸ் மிக அதிகம் வாட்டிய ஆப்பிரிக்காவில் இந்த மாற்றம் மிக அரிது என்பதுதான் கொடுமை.

சரி, இரண்டு பிரதியும் இருந்தால் பயமே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. 1997-லேயே அத்தகைய சிலருக்கு எச்.ஐ.வி இருப்பது தெரியவந்தது. எக்ஸ்4 வகை வைரஸ்கள் சிசிஆர்5-ஐத் தேடுவதில்லை. சிஎக்ஸ்சிஆர்4 என்ற வேறொரு புரதத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடும்.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை ஜெர்மனியில் இரண்டு நோயாளிகள் காட்டினார்கள். ரத்தப் புற்றுநோயும் எச்.ஐ.வியும் இருந்த டிமோதி ரே பிரவுனுக்கு 2007-ல் பெர்லினில் டாக்டர் கெரோ ஹூட்டர், இரண்டு பிரதியும் குறைபட்ட ஒருவரின் ஸ்டெம் செல்களைச் செலுத்தினார். எச்.ஐ.வி திரும்பவே இல்லை. (2020-ல் அவர் உயிரைப் பறித்தது புற்றுநோய்.) எஸ்ஸன் நகரில் இன்னொருவருக்கும் அதே சிகிச்சை நடந்தது. அவருக்கு வைரஸ் திரும்பி வந்தது. வந்தது எக்ஸ்4 வகை! அவர் உடம்பில் அது முன்பே கொஞ்சம் ஒளிந்திருந்தது என்று 2014-ல் வெளியான அறிக்கை கூறியது.

குரோனின் மரபணு செய்வதைச் செய்யும் மாத்திரையும் 2007-ல் வந்தது. மராவிராக் என்று பெயர். சிசிஆர்5-ஐ அடைத்துவிடும். ஆனால் நோயாளியிடம் இருப்பது எந்த வகை வைரஸ் என்று சோதித்த பிறகே அதைக் கொடுக்கிறார்கள்.

குரோன் 2013-ல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 66.