பாபி கிரிச்: .266-க்குள் ஒளிந்திருந்த ஆட்டக்காரர்

1976 நவம்பரில் நான் அனஹைமில் ஏஞ்சல்ஸ் ரசிகனாக இருந்திருந்தால், ஒரே ஒரு ஆளுக்காகத்தான் சண்டை போட்டிருப்பேன்: பாபி கிரிச். (அப்போ நான் பிறக்கவே இல்லை, அது வேற விஷயம்.)

முதலில் கொஞ்சம் பின்னணி. அதுவரை அமெரிக்க பேஸ்பால் ஒப்பந்தங்களில் 'ரிசர்வ் கிளாஸ்' என்று ஒன்று இருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும், வீரர் கையெழுத்துப் போடாவிட்டாலும், கிளப் அதை ஒரு வருடம் நீட்டிக்கலாம். அந்த வருடம் முடிந்தால்? இன்னொரு வருடம். முடிவே இல்லாத லூப். ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்நாலி என்ற இரண்டு பிட்சர்கள் 1975-இல் கையெழுத்துப் போடாமலே இருந்துவிட்டு இதை எதிர்த்தார்கள். "ஒரு வருடம் என்றால் ஒரே ஒரு வருடம்தான்" என்பதுதான் நடுவர் பீட்டர் சைட்ஸ் டிசம்பர் 23 அன்று தந்த தீர்ப்பின் சாரம். கிளப் முதலாளிகள் அவரை உடனே வேலையை விட்டுத் தூக்கினார்கள். ஆனால் கதவு திறந்தாச்சு. அடுத்த ஆண்டே ஒரு கூட்டம் சந்தைக்கு வந்தது. அதில் ஒருவர்தான் பால்டிமோர் ஓரியோல்ஸின் செகண்ட் பேஸ்மேன் கிரிச்.

ஏஞ்சல்ஸிடம் பந்துவீச்சுக்குக் குறைவே இல்லை. நோலன் ரயன் 1976-இல் 327 ஸ்டிரைக் அவுட் எடுத்தார். ஆனாலும் 17 வெற்றி, 18 தோல்வி! காரணம், அடிக்க ஆளில்லை. 1975-இல் மொத்த அணியும் சேர்ந்து அடித்தது 55 ஹோம் ரன்.

கிரிச்சின் 1976 பேட்டிங் சராசரி .266. அதாவது கணக்கில் வரும் 1000 முயற்சிக்கு 266 ஹிட். "இதுக்கா இவ்வளவு பணம்?" என்று கேட்கத்தான் தோன்றும். சிக்கல் எங்கே என்றால், இந்தச் சராசரியில் 'வாக்' சேராது. நான்கு மோசமான பந்தை அடிக்காமல் விட்டால் முதல் பேஸுக்கு நடந்தே போகலாம், அதுதான் வாக். நம்ம ஊர் வைடு மாதிரி என்று வையுங்கள், ஆனால் மதிப்பு அதிகம். 1975-இல் கிரிச் இப்படி 107 தடவை, 1976-இல் 86 தடவை போனார். அதையும் சேர்த்து அவர் எத்தனை தடவை பேஸை அடைந்தார் என்று பார்த்தால் 1976-இல் .373. ஃபீல்டிங்கோ இன்னும் மேலே: 1973-இல் 162 ஆட்டத்தில் 5 தப்புதான், தொடர்ந்து நாலு வருடம் கோல்டு கிளவ். தப்பான மெட்ரிக்கை டாஷ்போர்டில் மாட்டிவைத்து, அதையே வருஷக்கணக்கில் முறைத்துக்கொண்டிருக்கும் டீம்களில் நானும் வேலை பார்த்திருக்கிறேன்.

ஏஞ்சல்ஸ் அவரை எடுத்தது. ஐந்து வருடம், சுமார் 15 லட்சம் டாலர். பக்கத்திலிருக்கும் லாங் பீச்சில் வளர்ந்தவர் என்பதால் அவருக்கும் சந்தோஷம்தான். டான் பேய்லர், ஜோ ரூடி இருவரும்கூட அப்போதுதான் வந்தார்கள்.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. 1977 சீசன் தொடங்குமுன் வீட்டில் ஏர் கண்டிஷனரைத் தூக்கப்போய் முதுகு போனது. 52 ஆட்டத்தோடு சரி. "பணம் தண்ணியாப் போச்சு" என்று அந்த வருடம் யார் சொல்லியிருந்தாலும் என்னிடம் பதில் இருந்திருக்காது. அதோடு அவரை ஷார்ட்ஸ்டாப்பில் வேறு நிறுத்தினார்கள். 1978-இல்தான் பழைய இடமான செகண்ட் பேஸ் திரும்பக் கிடைத்தது.

1979-இல் 30 ஹோம் ரன், 101 ரன்னுக்கு வழி. ஏஞ்சல்ஸ் முதல்முறையாக டிவிஷனை வென்றது. (அடுத்த சுற்றில் தோற்றது யாரிடம்? அதே ஓரியோல்ஸிடம்!) வேலைநிறுத்தத்தால் சுருங்கிப்போன 1981-இல் 22 ஹோம் ரன் அடித்து, அமெரிக்கன் லீகில் முதலிடத்தை இன்னும் சிலரோடு பகிர்ந்துகொண்டார். 1986 வரை அதே அணியில் ஆடிவிட்டுத்தான் ஓய்வு பெற்றார்.

1992-இல் ஹால் ஆஃப் ஃபேம் ஓட்டெடுப்பில் அவருக்குக் கிடைத்தது 2.6 சதவீதம். 5-க்குக் கீழே என்பதால் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டார்கள். 2005-இல் உள்ளே போன செகண்ட் பேஸ்மேன் ரைன் சாண்ட்பெர்க்கின் வாழ்நாள் சராசரி .285, பேஸ் அடைந்த விகிதம் .344. கிரிச்சுக்கு இதே இரண்டும் .266, .371.