மொரேவியச் சகோதரர்களின் அருட்பணியும் விழித்திருத்தலும்

விழித்திருத்தல் கிறித்தவ மரபின் பழைய கட்டளைகளில் ஒன்று. இயேசு கெத்செமனே தோட்டத்தில் துயருற்றிருந்த இரவில், தம்மோடு விழித்திருக்கும்படி சீடர்களைக் கேட்டார் என்றும், அவர்கள் உறங்கிப்போனார்கள் என்றும் நற்செய்தி நூல்கள் கூறுகின்றன. 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் இருந்த ஒரு சிற்றூர் மக்கள் இக்கட்டளையைத் தங்கள் அன்றாட வாழ்வின் ஒழுங்காகவே ஆக்கிக்கொண்டனர். அவர்கள் மொரேவியச் சகோதரர்கள் என அறியப்படுகின்றனர். கரீபியன் தீவுகள் முதல் கிரீன்லாந்து வரையிலும், தரங்கம்பாடி, நிக்கோபார் வரையிலும் சென்ற அவர்களின் வரலாறு, அந்நிய மண்ணில் வாழும் அருட்பணியாளர் எதைக் குறித்து விழித்திருக்க வேண்டும் என்னும் கேள்வியைத் தெளிவாக எழுப்புகிறது.

ஹெர்ன்ஹுட்டின் தோற்றம்

செக் நாட்டுச் சீர்திருத்தவாதி யான் ஹுஸின் வழிவந்த சகோதரர் சபை 15ஆம் நூற்றாண்டில் தோன்றியது. பின்னர் கத்தோலிக்க ஆட்சியில் ஒடுக்கப்பட்ட அச்சபையின் எஞ்சிய குடும்பங்கள் சில, மொரேவியாவிலிருந்து தப்பிச் சாக்சனிக்கு வந்தன. நிக்கோலாஸ் லுட்விக் வான் சின்சென்டோர்ப் பிரபு (1700–1760) தம் பண்ணை நிலத்தில் அவர்களுக்கு இடமளித்தார். 1722இல் கிறிஸ்டியன் டேவிட் என்னும் தச்சர் முதல் மரத்தை வெட்டிக் குடியிருப்பைத் தொடங்கினார். ஊருக்கு ஹெர்ன்ஹுட் என்று பெயரிட்டனர். கர்த்தருடைய காவல் என்பது அதன் பொருள். கர்த்தர் காக்கும் இடம் என்றும், கர்த்தருக்காகக் காவல் நிற்கும் இடம் என்றும் இருவகையிலும் அவர்கள் அதைப் புரிந்துகொண்டனர்.

சின்சென்டோர்புக்கு அருட்பணி ஆர்வம் இளமையிலேயே உண்டாயிற்று. அவர் ஹாலே நகரில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே நடத்திய பள்ளியில் படித்தார். தரங்கம்பாடியில் 1706 முதல் பணியாற்றிய சீகன்பால்கு குறித்த செய்திகள் அப்பள்ளிக்குத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. சீகன்பால்கு 1715இல் ஐரோப்பா திரும்பி ஹாலேக்கு வந்தபோது சின்சென்டோர்ப் அங்கே மாணவராக இருந்தார். மொரேவிய அருட்பணியின் விதைகளில் ஒன்று தமிழகக் கடற்கரையிலிருந்து சென்றது எனலாம்.

ஓயாத ஜெபம்

ஹெர்ன்ஹுட்டின் விழிப்பு ஒரு சண்டையின் நடுவே பிறந்தது. பல ஊர்களிலிருந்தும் பல சபைகளிலிருந்தும் வந்தவர்கள் கொள்கையிலும் வழிபாட்டு முறையிலும் முரண்பட்டனர். 1727 மே மாதத்தில் ஊருக்கான ஒழுங்குமுறைகளில் அனைவரும் கையெழுத்திட்டனர். அதே ஆண்டு ஆகஸ்ட் 13 அன்று பெர்தெல்ஸ்டோர்ப் ஆலயத்தில் நடந்த திருவிருந்தில் பகைமை நீங்கி ஒன்றுபட்டனர். அந்நாளையே மொரேவிய சபை தன் மறுபிறப்பு நாளாகக் கருதுகிறது.

இரு வாரங்களுக்குப் பின், 24 ஆண்களும் 24 பெண்களும் நாளின் 24 மணி நேரத்தையும் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு ஜெபிக்கத் தொடங்கினர். ஆலயப் பலிபீடத்தின் நெருப்பு அணையக் கூடாது என்ற பழைய ஏற்பாட்டுக் கட்டளை அவர்களுக்கு முன்மாதிரியாக இருந்தது. இவ்வழக்கம் நூறாண்டுகளுக்கு மேல் தொடர்ந்ததாகச் சபை மரபு கூறுகிறது.

1728 முதல் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேதவசனம் ஊர் முழுவதற்கும் வழங்கப்பட்டது. 1731 முதல் இவை ஆண்டுதோறும் அச்சிடப்பட்டு, தொலைதூரப் பணியாளரும் ஊரில் இருப்போரும் ஒரே நாளில் ஒரே வசனத்தை வாசித்தனர். திருவிருந்துக்கு முன் ஒவ்வொருவரும் தம் உள்ளத்தின் நிலையைப் பொறுப்பாளரிடம் பேசும் முறையும் இருந்தது. பணித்தளங்களிலிருந்து வந்த கடிதங்களும் நாட்குறிப்புகளும் ஊர்க் கூட்டங்களில் வாசிக்கப்பட்டன. ஆகவே ஹெர்ன்ஹுட்டில் ஜெபித்தவர்களுக்குத் தாம் யாருக்காக ஜெபிக்கிறோம் என்பது தெரிந்திருந்தது.

செயின்ட் தாமஸ் தீவு

1731இல் டென்மார்க் மன்னரின் முடிசூட்டு விழாவுக்குச் சென்ற சின்சென்டோர்ப், கோபன்ஹேகனில் அன்டன் என்னும் ஆப்பிரிக்க அடிமையைச் சந்தித்தார். டென்மார்க்கின் கரீபியன் தீவான செயின்ட் தாமஸில் தம் சகோதரியும் பிற அடிமைகளும் படும் துன்பத்தை அன்டன் எடுத்துரைத்தார். அதைக் கேள்வியுற்ற குயவர் லியோன்ஹார்ட் டோபரும், தச்சர் டேவிட் நிச்மனும் 1732 ஆகஸ்டில் ஹெர்ன்ஹுட்டிலிருந்து புறப்பட்டு டிசம்பரில் தீவை அடைந்தனர்.

இவ்விருவரும் தங்களையே அடிமைகளாக விற்றுக்கொண்டனர் என்ற கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. அது உண்மையன்று. தேவைப்பட்டால் அதற்கும் ஆயத்தம் என்று அவர்கள் கருதியது மெய். ஆனால் அத்தீவில் வெள்ளையர் அடிமையாவதற்கு இடமில்லை. நிச்மன் தச்சு வேலை செய்து இருவரையும் பராமரித்துவிட்டுச் சில மாதங்களில் திரும்பினார். டோபருக்கு அங்கே குயவுத் தொழில் கைகூடவில்லை. சிறிது காலம் ஆளுநர் வீட்டில் பணிபுரிந்தார். அந்த வசதியான வாழ்வு அடிமைகளிடமிருந்து தம்மைப் பிரிப்பதாக உணர்ந்து அதை விட்டு விலகி, காவல் வேலை போன்ற எளிய வேலைகளைச் செய்து பிழைத்தார்.

பின்வந்த பணியாளர்கள் அடிமைகளுக்கு எழுத்தறிவு கற்பித்தனர். தோட்ட முதலாளிகள் இதை வன்மையாக எதிர்த்தனர். அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ரெபெக்கா என்னும் இளம்பெண் பணியின் தூணாக விளங்கினார். பகல் வேலை முடிந்தபின் தோட்டங்களுக்கு நடந்து சென்று பெண்களுக்குக் கற்பித்தார். 1738இல் அவரும் அவருடைய கணவரான மத்தேயுஸ் பிராய்ன்ட்லிக்கும் சிறையில் அடைக்கப்பட்டனர். 1739 தொடக்கத்தில் தீவுக்கு வந்த சின்சென்டோர்பின் முயற்சியால் விடுதலையாயினர்.

விழிப்பின் எல்லை

அதே வருகையின்போது சின்சென்டோர்ப் அடிமைகளிடம் ஆற்றிய பிரியாவிடை உரை வரலாற்றாசிரியர்களால் இன்றும் விவாதிக்கப்படுகிறது. மனமாற்றம் பாவத்திலிருந்து விடுதலை தரும், எசமானரிடமிருந்து அன்று என்பது அவ்வுரையின் சாரம். அடிமைகள் உண்மையோடு உழைக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். இதற்கு முன்பே மொரேவியர்கள் தீவில் ஒரு தோட்டத்தை வாங்கியிருந்தனர். அத்தோட்டத்தோடு அதில் உழைத்த அடிமைகளும் அவர்களுடைய உடைமை ஆயினர். அடிமைகளின் ஆன்மாவுக்காக இரவும் பகலும் ஜெபித்தவர்களே அவர்களின் உடலுக்கு உரிமையாளராகவும் இருந்தனர்.

இம்முரண்பாடு அவர்கள் ஜெபத்தில் தளர்ந்ததால் வந்ததன்று. தம் உள்ளத்தில் எழும் கோபம், பெருமை, இச்சை ஆகியவற்றை அவர்கள் நாள்தோறும் சோதித்தனர். ஆனால் தாங்கள் வந்திறங்கிய சமூகத்தின் பொருளாதாரம், ஐரோப்பியர் என்ற முறையில் தங்களுக்குக் கிடைத்த உரிமைகள் ஆகியவை அச்சோதனைக்கு வெளியே நின்றன. பணியைக் காத்துக்கொள்ள ஆட்சியாளரின் அனுமதியும் முதலாளிகளின் பொறுமையும் தேவைப்பட்டன. அந்தத் தேவையே அவர்களின் கண்ணை மறைத்தது.

அடிமைகளோ விழித்திருந்தனர். 1739இல் செயின்ட் தாமஸ் தீவுக் கிறித்தவர்கள் டென்மார்க் மன்னருக்கும் அரசிக்கும் கடிதங்கள் எழுதினர். தங்களைக் கற்கவிடாமல் அடித்துத் துன்புறுத்துவதை மன்னருக்கு எழுதிய கடிதத்தில் முறையிட்டனர். மக்தலேனா என்ற திருமுழுக்குப் பெயர் கொண்ட மரோட்டா என்னும் மூதாட்டி, தம் மேற்கு ஆப்பிரிக்கத் தாய்மொழியிலேயே அரசிக்கு எழுதினார். பணியாளர்கள் கற்பித்த எழுத்து, அவர்கள் கேட்கத் தயங்கிய நீதியைக் கேட்கும் கருவியாயிற்று. டேனிஷ் கரீபியன் தீவுகளில் அடிமைமுறை 1848இல், செயின்ட் குரோய் தீவு அடிமைகளின் எழுச்சிக்குப் பின்னரே ஒழிந்தது.

கிரீன்லாந்து

1733இல் கிறிஸ்டியன் டேவிட் உள்ளிட்ட மூவர் கிரீன்லாந்து சென்றனர். 1721 முதல் அங்கே பணியாற்றிவந்த லூத்தரன் போதகர் ஹான்ஸ் எகெடேயிடம் கிரீன்லாந்து மொழியைக் கற்க, அவர்கள் முதலில் டேனிஷ் மொழியைக் கற்க வேண்டியிருந்தது. வந்த ஆண்டிலேயே பெரியம்மை பரவிக் கிரீன்லாந்து மக்களில் பலர் மாண்டனர். எகெடேயும் மொரேவியரும் நோயாளிகளைப் பேணினர். ஐந்து ஆண்டுகள் வரை ஒருவரும் அவர்களின் செய்தியை ஏற்கவில்லை.

1738 ஜூன் மாதத்தில் ஜான் பெக் என்பவர் நற்செய்திப் பகுதியொன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். கேட்க வந்தவர்களுக்கு இயேசு கெத்செமனேயில் துயருற்ற கதையைச் சொன்னார். கயார்நாக் என்பவர் அதனால் நெகிழ்ந்து, மீண்டும் சொல்லும்படி கேட்டார். அவர் 1739இல் ஞானஸ்நானம் பெற்றார். கொள்கை விளக்கங்களைவிடத் துயருறும் மனிதரின் கதையே மொழி எல்லையைக் கடந்தது என்று மொரேவியர்கள் இதிலிருந்து கற்றனர். பிற மக்களின் ஆன்மாவை ஹெர்ன்ஹுட்டின் அளவுகோலால் அளக்கக் கூடாது என்று சின்சென்டோர்ப் தம் பணியாளருக்குக் கூறிவந்த அறிவுரைக்கும் இது பொருந்தியது.

தரங்கம்பாடியும் நிக்கோபாரும்

நிக்கோபார் தீவுகளில் குடியேற்றம் அமைக்க விரும்பிய டேனிஷ் அரசு மொரேவியரை அழைத்தது. அதன்படி 1760இல் முதல் குழுவினர் தரங்கம்பாடியை அடைந்தனர். பொறையாற்றுக்கு அருகே நிலம் வாங்கிச் சகோதரர் தோட்டம் என்னும் குடியிருப்பை ஏற்படுத்திக் கைத்தொழில்களாலும் வேளாண்மையாலும் வாழ்ந்தனர். அங்கிருந்த ஹாலே மரபு மிஷனரிகள் அவர்களைப் போட்டியாளராகக் கருதி எதிர்த்தனர். சின்சென்டோர்பின் இளமையில் அருட்பணி ஆர்வத்தை விதைத்த அதே பணித்தளத்தில் அவருடைய சகோதரர்களுக்கு வரவேற்பு கிடைக்கவில்லை.

1768இல் நன்கௌரித் தீவில் பணி தொடங்கியது. காய்ச்சலால் பணியாளர்கள் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். 1787இல் அத்தளம் கைவிடப்பட்டது. அங்கே வாழ்ந்த ஹென்செல் பின்னாளில் எழுதிய கடிதங்கள் 1812இல் நூலாக வெளிவந்தன. பயனற்றதாகத் தோன்றிய ஒரு பணியின் சான்றாக அவை எஞ்சியுள்ளன. தரங்கம்பாடித் தோட்டமும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது.

மதிப்பீடு

மொரேவியர்கள் தங்கள் தவறுகளைத் திருத்திக்கொண்ட தருணங்களும் உண்டு. 1740களில் ஹெர்ன்ஹாக் குடியிருப்பில் பக்தி உணர்ச்சி மிகைப்பட்டு ஒழுங்கு சிதைந்தபோது, அதில் தமக்கும் பங்குண்டு என ஏற்று சின்சென்டோர்ப் 1749இல் கண்டித்து நிறுத்தினார். உணர்ச்சியின் தவறைக் கண்டுகொள்ள அவர்களிடம் முறைகள் இருந்தன. அடிமைமுறையைக் கண்டுகொள்ள அத்தகைய முறை எதுவும் இல்லை.

ஹெர்ன்ஹுட்டில் நாள்வசனங்கள் இன்றும் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பல மொழிகளில் வெளியாகின்றன. 2024இல் அவ்வூர் பிற மொரேவியக் குடியிருப்புகளோடு யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. அந்நிய மக்களிடையே செல்பவர் அவர்களின் குறைகளை எளிதில் காண்கிறார். தம் உள்ளத்தின் குறைகளையும் பயிற்சியால் காண முடியும். தாம் யாருடைய கப்பலில் வந்தோம், யாருடைய பாதுகாப்பில் வாழ்கிறோம், அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதைக் காண்பதே கடினம். விழித்திருத்தலில் இந்தக் கேள்வியும் அடங்கும் என்பதை மரோட்டாவின் கடிதம் ஹெர்ன்ஹுட்டின் ஜெபத்துக்கு நினைவூட்டுகிறது.