வருத்தம் இல்லையென்று குளிசையை நிறுத்தலாமா?

எனது வாப்பா பிரஷர் குளிசையை நிறுத்தியதற்குச் சொன்ன காரணம் ஒன்றுதான்: "எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே மகன்." சில மாதங்களின் பின்னர் சுபஹுத் தொழுகைக்கு எழும்பியவரின் வலது கையும் காலும் அசையவில்லை. பாரிசவாதம். அவருடைய கிளினிக் கொப்பியை அன்றுதான் நான் முதன்முறையாகத் திறந்து பார்த்தேன்.

உலகில் 30 முதல் 79 வயது வரையானோரில் சுமார் 128 கோடிப் பேருக்கு உயர் குருதியமுக்கம் உள்ளதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் தெரிவித்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. ஐந்தில் ஒருவருக்கே அது கட்டுப்பாட்டில் உள்ளது.

அரச வைத்தியசாலைகளில் மருந்து இலவசம். அப்படியிருந்தும் எமது கல்குடாப் பிரதேசத்தில் தடையாக இருப்பவை எவை?

முதலாவது, வலி இல்லாமை. தலையிடி இல்லாவிட்டாலும் அமுக்கம் கூடியிருக்கலாம். அளந்து பார்ப்பது ஒன்றே வழி.

இரண்டாவது, கிளினிக் நாள். அன்று போனால் கூலி போய்விடும். ஆழ்கடலுக்குச் செல்லும் மீனவர்கள் பயண நாட்களை வைத்தியரிடம் முன்கூட்டியே கூறி, குளிசையைக் கையோடு கொண்டுசெல்ல வேண்டும்.

மூன்றாவது, பயம். "குளிசை கிட்னியைப் பழுதாக்கும்" என்கிறார்கள். உண்மையில், கட்டுப்படுத்தப்படாத பிரஷரே சிறுநீரகத்தைப் பாதிக்கிறது.

நான்காவது, உப்பு. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். கருவாடும் அச்சாறும் கறியுப்பும் சேர்ந்தால் அந்த அளவு எளிதில் தாண்டிவிடும்.

ஐந்தாவது, நோன்பு காலம். சிலர் குளிசையைத் தாமாகவே நிறுத்துகின்றனர். ரமழானுக்கு முன்பே வைத்தியரிடம் கேட்டால், பலருக்கு இப்தார் அல்லது ஸஹர் நேரத்துக்கு மருந்தை மாற்றித் தருவார்.

இத்தடைகளைத் தாண்ட முடியும். இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் கிராமங்களில் பயிற்றப்பட்ட சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று அமுக்கத்தை அளந்து ஆலோசனை வழங்கினர். வைத்தியர்களுக்கும் பயிற்சி வழங்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளில், வழமையான சிகிச்சை மட்டும் பெற்ற கிராமங்களை விட அங்கு மேல் அமுக்கம் சராசரியாக 5 அலகு கூடுதலாகக் குறைந்தது. 2020இல் இம்முடிவு வெளியானது.

எமது பள்ளிவாசல் நிர்வாகங்கள் மாதமொரு ஜும்ஆவின் பின்னர் அமுக்கம் அளக்க ஏற்பாடு செய்யலாம். அதற்கு முன், பிள்ளைகளே, இன்றிரவு உங்கள் உம்மா வாப்பாவின் கிளினிக் கொப்பியைத் திறந்து பாருங்கள். நான் பிந்திவிட்டேன், நீங்கள் பிந்த வேண்டாம்.