ஏட்டில் டிராகுலா, திரையில் டிராகுலா

1897ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள் இலண்டன் லைசியம் நாடக அரங்கில் ஒரு விந்தையான வாசிப்பு நிகழ்ந்தது. இன்னும் அச்சேறி வெளிவராத ஒரு நாவலை நாடக வடிவில் கத்தரித்து ஒட்டி, நடிகர்கள் சிலர் ஏறக்குறைய வெற்றிருக்கைகளின் முன்னே படித்தனர். நாவலாசிரியர் பிராம் ஸ்டோக்கர், அந்த அரங்கின் மேலாளர். புகழ்பெற்ற நடிகர் ஹென்றி இர்விங்கின் நிழலாகவே நெடுங்காலம் வாழ்ந்தவர். கலையார்வம் ஒன்றே அந்த வாசிப்புக்குக் காரணமன்று. கதையின் நாடக உரிமை பிறர் கைக்குப் போய்விடலாகாது என்னும் முன்னெச்சரிக்கையே காரணம். அதே மாதத்தில் 'டிராகுலா' நூலாக வெளிவந்தது. ஸ்டோக்கர் 1912இல் மறைந்தார். அவர் அஞ்சிய களவு, அவர் மறைந்து பத்து ஆண்டுகளுக்குப் பின், நாடக மேடை வழியாக அன்றித் திரை வழியாக வந்தது.

திரைப்படங்களைப் பற்றிப் பேசுமுன் மூலநூலின் வடிவத்தைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். 'டிராகுலா' கதைசொல்லி ஒருவரால் தொடர்ச்சியாகச் சொல்லப்படும் கதையன்று. நாட்குறிப்புகள், கடிதங்கள், தந்திகள், செய்தித்தாள் நறுக்குகள், ஒரு கப்பலின் பயணக் குறிப்பேடு, மருத்துவர் சீவர்ட் மெழுகு உருளைகளில் பேசிப் பதித்த குறிப்புகள் ஆகியவற்றின் தொகுப்பு அது. முதல் நான்கு இயல்களில் ஜொனாதன் ஹார்க்கர் என்னும் இளம் வழக்கறிஞர் டிரான்சில்வேனியக் கோட்டையில் தாம் கண்டதை எழுதுகிறார். அதன் பின்னர்ப் பிரபு டிராகுலா நேரே தோன்றும் இடங்கள் மிகச் சில. இருபத்தேழு இயல்களிலும் அவனுடைய எழுத்தாக ஒரு நாட்குறிப்பும் இல்லை. பிறர் எழுதிய தாள்களின் இடைவெளியில்தான் அவன் நடமாடுகிறான். ஒருவர் குறிப்பில் வரும் வௌவாலையும் இன்னொருவர் குறிப்பில் வரும் மூடுபனியையும் படிப்பவர் தாமே இணைத்துப் பார்க்கும் கணத்தில் அச்சம் பிறக்கிறது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்திற்கு நான்கு களன்களைக் கூறும்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. ஸ்டோக்கர் தொல்காப்பியத்தை அறிந்திருக்க வழியில்லை. எனினும் அவர் படைத்த டிராகுலா இந்நான்கும் ஓருருவில் திரண்டவன்: இறந்தும் இறவாத அணங்கு, ஓநாயாகவும் வௌவாலாகவும் மாறும் விலங்கு, அயல்நாட்டில் வீடுகளை வாங்கி இருளில் நுழையும் கள்வன், குடிகளை ஆண்ட இறை. திரைப்படம் ஒவ்வொன்றும் இவற்றுள் ஒன்றையோ இரண்டையோ எடுத்துக்கொண்டு ஏனையவற்றைக் கைவிட்டது எனலாம்.

அந்தத் தாள்களைத் தொகுப்பவர் யார்? ஹார்க்கரின் மனைவி மினா. பள்ளியில் உதவி ஆசிரியையாக இருந்தவர். சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றவர். ஆண்கள் எழுதியும் பேசியும் வைத்த சிதறல்களையெல்லாம் ஒரே வேளையில் மும்மூன்று படிகளாகத் தட்டச்சு செய்து, நாள்முறைப்படி அடுக்கி, ஒரு கதையாக்குகிறார். கோட்டையில் ஹார்க்கர் அவருக்குச் சுருக்கெழுத்தில் எழுதிய கடிதத்தை டிராகுலாவால் படிக்க இயலவில்லை, எரித்துவிடுகிறான். பின்னர்க் கையெழுத்துப் படியையும் மெழுகு உருளைகளையும் தீயிலிடுகிறான். மினாவின் தட்டச்சுப் படியொன்று பெட்டகத்தில் பூட்டப்பட்டிருந்தமையால் கதை தப்புகிறது. இந்நாவலில் சிலுவையும் வெள்ளைப் பூண்டும் எத்துணை ஆயுதமோ, எழுத்தும் அத்துணை ஆயுதம்.

இன்னும் ஒன்று. வான் ஹெல்சிங்கும் பிற ஆடவரும், பெண்ணின் மென்மையைக் காப்பதாக எண்ணி, மினாவை இனித் தம் கலந்தாய்வில் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்கின்றனர். அவரைத் தனியே உறங்க விட்டுப் பேயைத் தேடிப் புறப்படுகின்றனர். அந்த இரவுகளில்தான் டிராகுலா அவரிடம் வருகிறான். பிழை உணர்ந்து மீண்டும் அவரைச் சேர்த்துக்கொண்ட பின்னரே, அவன் தப்பிச் செல்லும் ஆற்றுவழியை மினா ஆய்ந்து எழுதித் தருகிறார். எழுதும் பெண்ணை விலக்கியதற்கு நாவல் அந்த ஆடவரைத் தண்டிக்கிறது. திரைப்படங்கள் அதே பிழையைத் திரும்பத் திரும்பச் செய்துள்ளன.

முதலில் குறிக்கத்தக்கது எஃப். டபிள்யூ. முர்னாவின் 'நோஸ்ஃபெராட்டு'. 1922ஆம் ஆண்டு மார்ச்சு 4ஆம் நாள் பெர்லினில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட ஊமைப்படம். பிரானா என்னும் சிறு நிறுவனம், ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்சிடம் உரிமை பெறாமலே கதையை எடுத்தது. டிராகுலா ஓர்லோக் ஆனான். மினா எல்லன் ஆனார். இங்கிலாந்து 1838ஆம் ஆண்டின் ஜெர்மானியத் துறைமுக ஊராயிற்று. பெயர்களை மாற்றியவர்கள், ஸ்டோக்கரின் நாவலிலிருந்து தழுவியது என்பதைப் படத்தின் தொடக்கத்திலேயே அச்சிட்டும் வைத்தார்கள்! களவைச் செய்து கையொப்பமும் இட்ட இந்த வெகுளித்தனம் வியப்புக்குரியது.

ஆயினும் திருடப்பட்ட அந்தப் படம் பெருங்கவிதை. நாவலில் டிராகுலாவுக்கு நிழல் கிடையாது. கண்ணாடியிலும் அவன் தோன்றான். முர்னாவோ நிழலையே பேயாக்கினார். மாடிப்படியின் சுவரில் நீண்ட விரல்களோடு ஏறிச் செல்லும் ஓர்லோக்கின் நிழலும், எல்லனின் நெஞ்சின்மீது மூடிக்கொள்ளும் கைநிழலும் உலகத் திரையின் அழியாப் படிமங்கள். மூலத்தின் விதியை மீறியதால் பிறந்த படிமங்கள் அவை. எழுத்தில் இன்மையே அச்சந்தருவது. இல்லாத ஒன்றைத் திரையில் காட்ட இயலாது. அதன் சுவட்டைத்தான் காட்ட முடியும். முர்னா இதை உணர்ந்தவர்.

கதிரொளி பட்டு இரத்தக் காட்டேரி அழிவதும் இப்படத்தின் புனைவே. நாவலின் டிராகுலா இலண்டனின் பிக்கடில்லித் தெருவில் பட்டப்பகலில் நடக்கிறான். பகலில் அவன் ஆற்றல் குன்றும், அவ்வளவே. ஹார்க்கரின் கூர்க்கா வாள் கழுத்திலும், குவின்சி மாரிசின் கத்தி நெஞ்சிலும் பாய, ஞாயிறு மறையும் வேளையில் தூளாகிப் போகிறான். எல்லனின் முடிவு வேறு. கணவன் படிக்க வேண்டாமென்ற பழைய நூலை அவள் படிக்கிறாள். மாசற்ற பெண்ணொருத்தி தன்னையே தந்து பேயை விடியும்வரை நிறுத்த வேண்டும் என்று அறிகிறாள். அவ்வாறே செய்து இறக்கிறாள். ஸ்டோக்கரின் மினா எழுதுகிறார், வாழ்கிறார். முர்னாவின் எல்லன் படிக்கிறாள், மாய்கிறாள். இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு சிறிதன்று.

ஃபுளோரன்ஸ் வழக்குத் தொடுத்தார். கணவரின் நூல்வழி வருவாய் அக்கைம்பெண்ணுக்கு வேண்டியிருந்தது. நிறுவனம் நொடித்துப் போனமையால் இழப்பீடு கிட்டவில்லை; 1925இல் படச்சுருள்கள் அனைத்தையும் அழிக்குமாறு தீர்ப்பாயிற்று. அறம் அவர் பக்கமே. எழுதுபவர் எவரும் அதை மறுக்க மாட்டார். ஆனால் அத்தீர்ப்பு முற்றும் நிறைவேறியிருந்தால் அந்த நிழல் இன்று இல்லை. அயல்நாடுகளுக்குச் சென்றுவிட்ட சில படிகளால் படம் பிழைத்தது. பெட்டகத்திலிருந்த படியால் மினாவின் கதை பிழைத்ததை இது நினைவூட்டுகிறது.

முறைப்படி உரிமை பெற்று வந்தது 1931ஆம் ஆண்டின் யுனிவர்சல் படம். டாட் பிரவுனிங் இயக்கியது. அது நாவலிலிருந்து நேரே பிறந்ததன்று. ஹாமில்டன் டீன் 1924இல் மேடையேற்றி, பின்னர் அமெரிக்காவுக்கென ஜான் பால்டர்ஸ்டன் திருத்திய நாடகத்தின் வழி வந்தது. நாவலின் டிராகுலா வெண்மீசை முதியவன். உள்ளங்கையில் மயிர் முளைத்தவன். குருதி குடிக்கக் குடிக்க இளமையுறுபவன். மாலை விருந்துடையும் உயர்ந்த கழுத்துப்பட்டை கொண்ட மேலங்கியும் நாடக மேடை தந்தவை. மேடையிலுள்ள திறப்பின் வழியே நடிகர் மறையும்போது தலையை மறைக்க உதவியது அக்கழுத்துப்பட்டை! ஒரு மேடை உத்தி உலகம் அறிந்த பேயின் உருவமாயிற்று. 1956இல் மறைந்த நடிகர் பெலா லுகோசி அத்தகைய மேலங்கியுடனேயே அடக்கம் செய்யப்பட்டார். அதே அரங்கமைப்பில் இரவு வேளைகளில் எடுக்கப்பட்ட ஸ்பானிய மொழிப் படம் ஒளிப்பதிவில் விஞ்சி நிற்பதாகப் பலர் கருதுவது பொருத்தமே.

இப்படத்தில் மினா மருத்துவர் சீவர்டின் மகள். 1958இல் ஹாமர் நிறுவனத்துக்காக டெரன்ஸ் ஃபிஷர் இயக்கிய வண்ணப்படத்தில் அவர் ஆர்தரின் மனைவி. ஒருவரின் மகள், ஒருவரின் மனைவி. தட்டச்சுப் பொறியோடு இவ்விரு படங்களும் அவரை வினையாற்ற விடவில்லை. கிறிஸ்டபர் லீயின் விரைவும் பற்களின் குருதியும் ஃபிஷரின் படத்துக்கு வலிமை சேர்த்தன. ஆனால் கடற்பயணம் இல்லை, இங்கிலாந்தே இல்லை. அந்நியன் ஒருவன் தலைநகருள் நுழைகிறான் என்னும் நாவலின் நடுக்கம் அதனோடு போயிற்று. இறுதியில் பீட்டர் குஷிங் திரைச்சீலையைக் கிழிக்க, முர்னாவின் கதிரொளியே டிராகுலாவைக் கொல்கிறது. 1977இல் பிபிசி தொலைக்காட்சி தந்த, லூயி ஜோர்டான் நடித்த படம் நூலுக்கு நெருக்கமானது. ஆயினும் அதன் புகழ் சிறிது.

பிரான்சிஸ் ஃபோர்டு கப்போலா 1992இல் தந்த படம் ஸ்டோக்கரின் பெயரையே தலைப்பில் தாங்கிற்று. நாட்குறிப்புகளும் மெழுகு உருளையும் தட்டச்சும் அதில் உண்டு. பகலில் நடக்கும் டிராகுலாவும் உண்டு. உருவத்தில் ஏனையவற்றை விட மூலத்தை நெருங்கிய அப்படம், உள்ளத்தில் மிகத் தொலைவு சென்றது. 1462இல் இறந்த மனைவியே மினாவாக மறுபிறப்பெடுத்தாள் என்னும் காதற்கதை நூலில் எங்கும் இல்லை. விளாட் என்னும் பெயர்கூட நாவலில் வருவதில்லை. நூலில் மினா டிராகுலாவிடம் கொள்வது இரக்கம், காதலன்று. தம்மை மாசுபடுத்தியவனுக்கும் இரங்குமாறு வேட்டைக்காரர்களைக் கேட்கும் அந்த அரிய இடத்தைக் காதல் எளிதாக்கிவிட்டது.

நாவல் ஒரு சிறு குறிப்போடு முடிகிறது. ஏழு ஆண்டுகள் கழிந்தபின் ஹார்க்கர் அந்தத் தாள்களை எடுத்துப் பார்க்கிறார். மூலச் சான்றுகள் என ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. எஞ்சியிருப்பது மினாவின் தட்டச்சுக் கட்டு. அதை எவரும் நம்பும்படி கேட்க இயலாது என்பதையும் அவர் அறிவார். கப்போலாவின் படமோ கோட்டைக் கோவிலில் மினா வாளால் டிராகுலாவின் தலையைக் கொய்து மேலே நோக்குவதோடு நிறைவுறுகிறது. அந்தக் காகிதக் கட்டு அங்கு இல்லை.