கந்தலிலிருந்து சிற்பத்துக்கு: ஃபின்லாந்தின் துணி, காகிதக் கலை

ஃபின்லாந்தின் இன்றைய துணிச் சிற்பங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து தொடங்குகிறார்கள். 1962 முதல் 1995 வரை அங்கே நடந்த சித்திர நெசவு ஈராண்டுக் காட்சிகளில் போலந்தின் மக்டலேனா அபகனோவிச் போன்றோர் நெசவைச் சுவரிலிருந்து இறக்கினர்; அந்த அலைதான் வடக்கே பரவியது என்பது அவர்கள் கணக்கு. அதில் உண்மை உண்டு. ஆனால், துணியும் காகிதமும் ஃபின்லாந்தில் ஏன் இவ்வளவு இயல்பாகக் கலக்கின்றன என்பதற்கு லோசானில் விடை இல்லை. அந்நாட்டின் ஆலைகளிலும் பழைய படுக்கைகளிலும்தான் அதைத் தேட வேண்டும்.

தம்பெரே நகரின் நடுவே பாயும் தம்மெர்கோஸ்கி ஆற்றோட்டம் இரு தொழில்களுக்கும் விசை தந்தது. 1820இல் ஜேம்ஸ் ஃபின்லேசன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அங்கே தொடங்கிய தொழில், பெரிய பருத்தி ஆலையாக வளர்ந்தது. அதே கரையில் இருந்த ஃபிரெங்கெல் ஆலையில் 1842இல் நாட்டின் முதல் காகித இயந்திரம் ஓடியது. அந்நாளில் காகிதத்துக்கு மூலப்பொருள் கந்தல் துணி. உடுத்திக் கிழிந்தது தாளாயிற்று. 1865இல் ஃபிரெட்ரிக் இடஸ்டாம் மரத்தை அரைத்துக் கூழாக்கும் ஆலையை அங்கே நிறுவினார். பிறகு மரக்கூழ் பெருகப் பெருகக் கந்தலின் தேவை குறைந்தது. துணியும் தாளும் தனித்தனி வழியே சென்றன.

படுக்கையின் கதை வேறு. ருய்யு எனப்படும் முடிச்சுக் கம்பளம் முதலில் போர்வை. இழைக்கொத்துள்ள பக்கம் உடலைத் தொடும்படி போர்த்திக்கொள்வார்கள். பின்னர் வண்ணமும் பூவேலையும் ஏறி, மணமக்கள் நிற்கும் விரிப்பாகி, சுவருக்கும் போனது. 1879இல் ஓவியர் ஃபேனி சுர்பேர்க் ஃபின்லாந்துக் கைவினை நண்பர்கள் என்ற சங்கத்தை நிறுவினார். அச்சங்கம் நெய்ய, ஓவியர் அக்செலி காலென்-கால்லெலா வடிவமைத்த ‘சுடர்’ என்ற ருய்யு 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் இடம்பெற்றது. இதை வெறும் தேசிய அடையாளச் சின்னமாக மட்டும் படிப்பது போதாது. அது பெஞ்சுக் கம்பளம்: சுவரில் தொடங்கி, இருக்கையை மூடி, தரை வரை வழிவது. லோசானுக்கு அறுபது ஆண்டு முன்பே நெசவு வளைந்து அறைக்குள் இறங்கிவிட்டது என்பதை ஆய்வாளர்கள் அதிகம் பொருட்படுத்தாதது வியப்பு.

பிரிந்த தாளையும் துணியையும் மீண்டும் சேர்த்தது போர்க்காலப் பஞ்சம். இரண்டாம் உலகப் போரின்போது கம்பளியும் பருத்தியும் கிடைக்காமல் போக, காகிதத்தைக் குறுகிய பட்டைகளாக வெட்டி முறுக்கிய நூல் தறியேறியது. கிரெட்டா ஸ்கோக்ஸ்டர் போன்ற நெசவுக் கலைஞர்கள் காகித நூலையும் பிர்ச் மரப்பட்டையையும் கையாண்டனர். தட்டுப்பாடு தீர்ந்ததும் அந்த நூலுக்கு ஏழைமையின் முத்திரை விழுந்தது. அதை நீக்கியவர்களில் முதன்மையானவர் ரித்வா புவோதிலா. 1987இல் அவர் தொடங்கிய வுட்நோட்ஸ் நிறுவனம், காகித நூலை விலையுயர்ந்த தரைவிரிப்பாக உலகச் சந்தைக்குக் கொண்டுசென்றது.

இந்தப் பின்னணியில்தான் 1952இல் பிறந்த காரினா கைக்கொனெனைப் பார்க்க வேண்டும். ஓவியம் பயின்ற அவருக்குத் தறி தேவைப்படவில்லை. காகிதத்திலும் வேலை செய்த அவர், உடுத்திப் பழசான ஆடைகளை ஊடும் பாவுமாகக் கொண்டார். 2000இல் ஹெல்சிங்கி பேராலயத்தின் படிக்கட்டு முழுவதும் ஏறத்தாழ 3,000 ஆண்கள் கோட்டுகளை விரித்த ‘வழி’ அவரை உலகறியச் செய்தது. சிறு வயதில் தந்தையை இழந்தவர் அவர். கோட்டுகளை அந்த இழப்போடு இணைத்துவிட்டு விமர்சகர்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர் பொருள் சேர்க்கும் முறை. காகித ஆலைக்குக் கந்தல் திரட்டியவர்கள் செய்த வேலையை அவர் மீண்டும் செய்கிறார். கூழாக்கும் கட்டத்தை மட்டும் விட்டுவிடுகிறார். அதனால் தோள்பட்டையின் தேய்மானமும் முழங்கையின் மடிப்பும் அப்படியே பார்வையாளர் முன் வருகின்றன.

ரைய்யா யோகினென் எதிர்த்திசையிலிருந்து வருகிறார். ஆளிச் செடியின் நாரை நூற்காமல், காகிதம் செய்வதுபோல் அடுக்கி, தையல் இயந்திரத்தால் பிணைத்து, மனித உடல்களை உருவாக்குகிறார். அவற்றில் நரம்பு எது, வேர் எது என்று பிரிப்பது கடினம். அருங்காட்சியகப் பட்டியல்கள் இவற்றைத் துணிக்கலை என்ற தலைப்பில் சேர்த்துவிடுகின்றன. செய்முறையைப் பார்த்தால் பாதி வேலை காகிதம் செய்பவருடையது. தையல் பிறகுதான் வருகிறது.