படிப்பா, பந்தா?

மைசூர் அக்ரஹாரத்தில் வசித்தவர்களுக்கு, அதற்குத் தெற்கே மானந்தவாடி சாலையில் உள்ள நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் இன்ஜினியரிங் கல்லூரியைத் தெரியாமல் இராது. 1946-ல் துவங்கிய அந்தக் கல்லூரியின் பழைய மாணவர்களுள் ஒருவர், கிரிக்கெட் உலகம் மறக்காத சுழற்பந்து வீச்சாளர் ஈ.ஏ.எஸ். பிரசன்னா. "பையன் எப்போதும் மட்டையும் பந்துமாக இருக்கிறானே, படிப்பு என்னாவது?" என்று நம் வீடுகளில் இன்றும் எழும் கேள்வி அவர் வீட்டிலும் எழுந்தது. அதற்கு அவர் தந்த பதில் சற்று அபூர்வமானது.

1940-ல் பெங்களூரில் பிறந்த பிரசன்னா, 1962 ஜனவரியில் சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராகத் தம் முதல் டெஸ்ட் பந்தயத்தை ஆடினார். அப்போது அவருக்கு வயது 21, பொறியியல் படிப்பு முடியவில்லை. உடனே மேற்கிந்தியத் தீவுகளுக்குச் செல்லும் அணியிலும் இடம் கிடைத்தது. தந்தையாருக்கோ தயக்கம். திரும்பி வந்ததும் படிப்பை முடிக்க வேண்டும் என்பதுதான் அவர் விதித்த நிபந்தனை.

அந்தப் பயணம் இந்தியாவுக்குச் சோதனையாக அமைந்தது. கேப்டன் நாரி கான்ட்ராக்டர் தலையில் பந்து பட்டு உயிருக்குப் போராடினார். ஐந்து டெஸ்டுகளிலும் தோல்வி. பிரசன்னாவுக்கு ஒரே ஒரு டெஸ்டில்தான் வாய்ப்புக் கிட்டியது. ஊர் திரும்பியவர், சொன்ன சொல்லைக் காப்பாற்றிப் புத்தகத்தை எடுத்தார்.

அடுத்த டெஸ்ட் ஆட அவருக்கு ஐந்தாண்டுகள் பிடித்தன. அதற்குள் இந்தியா 14 டெஸ்டுகள் ஆடிவிட்டது. கிரிக்கெட்டை நம்பிக் குடும்பம் நடத்த முடியாத காலம் அது என்பதை மறக்கலாகாது. ஆனால் காலியான இடம் காலியாகவே இருக்குமா? 1965-ல் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரி மாணவரான எஸ். வெங்கட்ராகவன் அணிக்குள் வந்தார். அதே ஆண்டு டெல்லியில் நியூசிலாந்துக்கு எதிராக 12 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவரும் ஆஃப் ஸ்பின்னர்தான்!

பட்டத்துடன் 1967 ஜனவரியில் சென்னையிலேயே மறுபிரவேசம் செய்தார் பிரசன்னா. அடுத்த ஆண்டுக்குள் ஆஸ்திரேலியாவில் நான்கு டெஸ்டுகளில் 25 விக்கெட்டுகள், நியூசிலாந்தில் நான்கு டெஸ்டுகளில் 24 விக்கெட்டுகள். வெளிநாட்டில் இந்தியா முதன்முதலாகத் தொடரை வென்றது அந்த 1968 நியூசிலாந்துப் பயணத்தில்தான். பந்தை உயரே மிதக்கவிட்டு, ஆட்டக்காரரை முன்னே வரத் தூண்டி ஏமாற்றுவது அவர் பாணி. 20 டெஸ்டுகளில் 100 விக்கெட்டுகளை எட்டினார். இந்தியர்களில் அந்த வேகத்தை 2013-ல்தான் ஒருவர் மிஞ்சினார். அவர் சென்னையின் ஆர். அஸ்வின், அவரும் பொறியியல் பட்டதாரி என்பது பொருத்தம்தான்.

இருந்தாலும் அந்த ஐந்தாண்டுகளுக்கு விலை இல்லாமல் போகவில்லை. 1971-ல் இங்கிலாந்தில் இந்தியா சரித்திர வெற்றி பெற்றபோது, அணியுடன் சென்றிருந்தும் பிரசன்னாவுக்கு ஒரு டெஸ்டிலும் இடமில்லை. வெங்கட்ராகவனே ஆடினார். இருவரும் ஒரே இடத்துக்குப் போட்டியிட்டபடியே பல ஆண்டுகள் கழிந்தன. பிரசன்னா 49 டெஸ்டுகளில் 189 விக்கெட்டுகளுடனும், வெங்கட் 57 டெஸ்டுகளில் 156 விக்கெட்டுகளுடனும் ஓய்வு பெற்றனர்.

பிரசன்னா மனம் தளர்ந்துவிடவில்லை. தொடர்ந்து 15 ஆண்டுகள் ரஞ்சிக் கோப்பையைத் தன்னிடமே வைத்திருந்த பம்பாயை 1974-ல் அரையிறுதியில் வென்று, கர்நாடகத்துக்கு முதல் கோப்பையை வாங்கித் தந்த கேப்டன் அவரே. 1976-ல் ஆக்லாந்தில் 76 ரன்களுக்கு 8 விக்கெட்டுகள் எடுத்தபோது அவருக்கு வயது 35.

பின்னாளில் அதே மைசூரில் பொறியியல் படித்த ஜவகல் ஸ்ரீநாத் 236 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்தார். "படித்தால் விளையாட்டு போய்விடும்" என்பவர்களுக்கும், "விளையாடினால் படிப்பு போய்விடும்" என்பவர்களுக்கும் இவர்களைக் காட்டலாம். ஆனால் பிள்ளைகளிடம் பிரசன்னாவின் கதையைச் சொல்லும்போது, அந்த 14 டெஸ்டுகளையும் சேர்த்தே சொல்லுங்கள். இரண்டையும் பிடித்தவர், அதற்கான விலையையும் கொடுத்தார். கொடுத்துவிட்டு, மறுபடியும் பந்தைக் கையில் எடுத்தார்.